துப்பலில் வந்த தங்கை: வீட்டு டிஎன்ஏ பரிசோதனை பற்றித் திருகோணமலையில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மூன்று வருடத்துக்கு முன் ரொறன்ரோவில் இருந்து லீவில் வந்த என் தம்பி, சொக்லேட் பைகளுக்கு நடுவே இரண்டு டிஎன்ஏ பெட்டிகளையும் கொண்டு வந்தான். ஒன்று தனக்கு, மற்றது எனக்கு. உவர்மலை வீட்டு விறாந்தையில் இருந்து இருவரும் சிரித்துச் சிரித்துக் குழாயில் துப்பினோம். ஏழு கிழமையில் முடிவு வந்தது. அதில் எங்களுக்கு ஒரு தங்கை இருந்தாள். நெதர்லாந்தில் வளர்ந்தவள். வீட்டில் யாரும் அவளைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

அதற்குப் பிறகு உப்புவெளி, நிலாவெளி, மூதூர் என்று தெரிந்தவர்கள் பலர் வந்து கேட்கிறார்கள். அநேகமாக ஒரே கேள்விகள்தான். நான் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்ததையும் நாங்கள் பட்டதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

இந்தப் பெட்டி உண்மையில் எதைப் பார்க்கிறது?

மனிதரின் டிஎன்ஏ ஏறத்தாழ 300 கோடி எழுத்து. அதில் 99.9 வீதம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆளுக்கு ஆள் மாறக்கூடிய இடங்களில் ஆறு, ஏழு இலட்சத்தை மட்டும் கம்பனி வாசிக்கும். வாசித்ததை வைத்து இரண்டு வேலை செய்யும். முதலாவது, உலகத்தின் வெவ்வேறு பகுதி ஆட்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டு, உங்கள் முன்னோர் எந்தப் பக்கம் என்று வீதம் போட்டுச் சொல்வது. இரண்டாவது, ஏற்கெனவே பரிசோதித்த மற்ற வாடிக்கையாளர்களோடு ஒப்பிட்டு, யார் உங்களுக்கு உறவு என்று பட்டியல் போடுவது.

முதலாவது மதிப்பீடு, கம்பனி தன் மாதிரிகளைப் புதுப்பித்தால் உங்கள் வீதமும் மாறும். இரண்டாவது அளந்து பார்த்துச் சொல்வது. நெருங்கிய உறவில் பிழை வராது என்றே சொல்லலாம். ஆட்கள் காசு கொடுப்பது முதலாவதற்காக. வீட்டைக் குலுக்குவது இரண்டாவது.

துப்புவதில் என்ன இருக்கிறது? எப்படி எடுப்பது?

துப்புவதற்கு முன் அரை மணி நேரம் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, சூயிங்கமும் கூடாது. நம் ஊரில் அதோடு வெற்றிலையையும் சேர்க்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆச்சி, வெற்றிலை போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். நல்ல காலம், குழாயை நீட்டுவதற்கு முன் ஒரு வெள்ளைக் கோப்பையில் துப்பச் சொன்னேன். செம்மண் வெள்ளம் மாதிரி வந்தது. அடுத்த நாள் விடிய, தேத்தண்ணிக்கு முன், வாயை நன்றாகத் தண்ணீரில் கொப்பளித்துக் கொஞ்ச நேரம் விட்டு எடுத்தோம்.

நுரையைக் கணக்கில் எடுக்காதீர்கள். கோடு வரை திரவம் நிற்க வேண்டும். வயதானவர்களுக்கு வாய் காய்ந்திருக்கும். கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் தேய்த்து எடுக்கும் வகைப் பெட்டி அவர்களுக்குச் சுகம். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவர்களின் துப்பலில் மச்சை கொடுத்தவரின் டிஎன்ஏயும் வரும்.

எனக்கு "தென்னிந்தியா" என்று வந்திருக்கிறது. அப்படியென்றால் நாங்கள் இந்தியாவில் இருந்து வந்தவர்களா?

இதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஒப்பிடுவதற்குக் கம்பனியிடம் எந்த ஊர் ஆட்களின் மாதிரி இருக்கிறதோ அந்தப் பெயர்தான் முடிவில் வரும். ஐரோப்பாவைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்பவர்கள், தென்னிந்தியாவையும் இலங்கையையும் பெரும்பாலும் ஒரே கூடையில் போடுவார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு அது போகாது.

இன்னொன்று. உங்கள் பட்டியலில் சிங்களப் பெயர்களும் வரலாம். பயப்படாதீர்கள், கோபப்படவும் வேண்டாம். சிங்களவரும் இலங்கைத் தமிழரும் மரபணுவில் மிக நெருக்கம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தத் தீவில் நடந்த கலப்பு அப்படி.

அண்ணனுக்கும் எனக்கும் வீதம் வேறு வேறாக வந்திருக்கிறதே?

வரத்தான் செய்யும். அம்மாவிடம் இருந்து பாதி, அப்பாவிடம் இருந்து பாதி எல்லாப் பிள்ளைக்கும் வரும். ஆனால் எந்தப் பாதி என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு. ஒரே சீட்டுக்கட்டை இரண்டு தரம் கலைத்துப் போட்டது மாதிரி. கூடப்பிறந்தவர்களுக்குப் பொதுவாக இருப்பது சராசரியாகப் பாதிதான். 2019ல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி, ஒரே முட்டை இரட்டையர் இருவரின் துப்பலைப் பல கம்பனிகளுக்கு அனுப்பியது. டிஎன்ஏ ஒன்றாக இருந்தும் ஊர் வீதங்கள் இருவருக்கும் வேறாக வந்தன. அந்த வீதங்களுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று அதிலிருந்தே தெரியும்.

நம்முடையது துறைமுக ஊர். வெள்ளைக்கார இரத்தம் இருந்தால் காட்டுமா?

எத்தனை தலைமுறைக்கு முன் என்பதைப் பொறுத்தது. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோணேசர் கோவிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், 1782ல் கொஞ்ச நாள் பிரெஞ்சுக்காரர், 1795ல் இருந்து ஆங்கிலேயர். அவர்களின் கடற்படை 1957 வரை இங்கே நின்றது. அந்தப் படைகளோடும் கப்பல்களோடும் மலாய்க்காரர், ஆப்பிரிக்கர், மலையாளிகள் என்று எத்தனையோ பேர் வந்தார்கள். போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் பாலையூற்றில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்கள் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசக் கேட்கலாம். கொட்டியாரக் கரையோரத்தில் வேடர் வழிவந்தவர்கள் தமிழ் பேசித் தமிழராகவே வாழ்கிறார்கள்.

கணக்குக்கு வருவோம். பாட்டன் ஒருவரின் பங்கு உங்களில் கால்வாசி, பூட்டனுடையது எட்டில் ஒன்று. 1942 ஏப்ரல் 9ல் யப்பானியர் குண்டு போட்ட காலத்தில் இங்கே நின்ற ஒரு மாலுமி உங்கள் பூட்டன் என்றால் முடிவில் பளிச்சென்று தெரியும். ஒல்லாந்தர் காலத்து ஒருவர் என்றால் எட்டு, பத்துத் தலைமுறை ஆகிவிடும். பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 முன்னோர். அவர்களில் பலரின் டிஎன்ஏ உங்களிடம் ஒரு துண்டுகூட மிஞ்சியிருக்காது. கதை உண்மையாக இருந்தும் முடிவில் வராமல் போகலாம். ஆகவே "வரவில்லை, அம்மம்மா சொன்னது பொய்" என்று கிழவியோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

"முதல் கசின்" என்று ஒருவரைக் காட்டுகிறது. அவர் எனக்கு மச்சாளா, தங்கையா?

நம் ஆட்கள் அதிகம் குழம்பும் இடம் இது. கம்பனியின் மொழியில் பெரியப்பா மகள், மாமி மகள், மாமா மகள், சின்னம்மா மகள் எல்லாரும் ஒரே சொல்லுக்குள் அடக்கம். நமக்கு அப்படியா? பெரியப்பா மகளும் சின்னம்மா மகளும் சகோதரங்கள். மாமா மகளும் மாமி மகளும் மச்சாள்மார். முறை மாறினால் பேச்சே மாறிவிடும். டிஎன்ஏ முறை பார்க்காது. எவ்வளவு பொது என்று மட்டும் சொல்லும்.

அந்தப் "பொது"வைச் சென்டிமோர்கன் என்ற அளவில் போட்டிருப்பார்கள். அதைத்தான் பாருங்கள், பக்கத்தில் எழுதியிருக்கும் உறவுப் பெயரை உடனே நம்பாதீர்கள். பெற்றாருக்கும் பிள்ளைக்கும் 3,400 அல்லது அதற்கு மேல். கூடப்பிறந்தவர்களுக்கு 2,600 அளவு. ஒரே தாய் அல்லது ஒரே தந்தையை மட்டும் பகிர்ந்த சகோதரம் என்றால் 1,750 அளவு. தாத்தாவுக்கும் பேரனுக்கும், மாமாவுக்கும் மருமகனுக்கும்கூட இதே 1,750தான். எண் ஒன்றாக இருப்பதால் வயதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். ஒன்றுவிட்ட சகோதரம், மச்சான், மச்சாள் எல்லாம் சராசரி 870, ஆனால் 400க்கும் 1,400க்கும் இடையில் எங்கும் வரலாம். அதற்கு அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கிடையே 230 அளவு.

எந்தப் பக்கத்து உறவு என்று அறிய ஒரு வழி, அவருக்கும் உங்களுக்கும் பொதுவாக வேறு யார் யார் மேட்ச் ஆகிறார்கள் என்று பார்ப்பது. இன்னொன்று தாய்வழி டிஎன்ஏ. இழைமணி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் சின்ன டிஎன்ஏ தாயிடம் இருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். மட்டக்களப்புப் பக்கத்தில் குடி என்ற குலப் பிரிவு தாய்வழியாக வருகிறதே, கிட்டத்தட்ட அதே பாதை. ஆண்களில் வை நிறமூர்த்தம் அப்பாவிடம் இருந்து மகனுக்குப் போகும்.

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மச்சாளைத்தான் முடிக்கிறார்கள். அது முடிவைக் குழப்புமா?

குழப்பும். ஒரே ஆள் உங்களுக்கு அம்மா வழியிலும் அப்பா வழியிலும் உறவு என்றால் எண் கூடிக் காட்டும். தூரத்து உறவு நெருங்கிய உறவாகத் தெரியும். அப்படிச் சந்தேகம் வந்தால் மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல் பொதுவாக இருக்கும் டிஎன்ஏயில் மிக நீளமான துண்டு எவ்வளவு என்று பாருங்கள். நீளத் துண்டுகள் என்றால் உறவு அண்மையது. குட்டித் துண்டுகள் நிறைய என்றால் பழைய உறவு பல வழியில் சேர்ந்திருக்கிறது.

எதிர்பாராத ஒருவர் பட்டியலில் வந்துவிட்டார். முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யாதீர்கள். குறைந்தது ஒரு கிழமை.

நாங்கள் செய்த பிழையைச் சொல்கிறேன். எனக்கு 912 சென்டிமோர்கனில் ஒரு பெண் வந்தாள், தம்பிக்கு 845ல். நாற்பதைத் தாண்டிய வயது, நெதர்லாந்துப் பெயர், இலங்கையில் பிறந்தவள் என்ற குறிப்பு. லண்டனில் இருக்கும் அம்மா வழி உறவு ஒருவரும் அவளுக்கு மேட்ச். அப்பா வழியில் ஒருவரும் இல்லை. தாய்வழி டிஎன்ஏயை வைத்துப் பிரிக்கும் குழுவும் எனக்கும் அவளுக்கும் ஒன்று. அது மட்டும் நிரூபணம் ஆகாது, தென்னாசியாவில் நிறையப் பேருக்கு அந்தக் குழு உண்டு. ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரே திசையைக் காட்டியது. அம்மாவுக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும்தான். தம்பியின் பிள்ளைக்குத் தாய்வழி டிஎன்ஏ எங்கள் பக்கத்தில் இருந்து வராது. மிஞ்சியது தங்கை, எங்கள் சின்னம்மா.

தம்பி சந்தோஷத்தில் அந்தப் பட்டியலைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். "பாருங்கோ, எங்களுக்கு வெளிநாட்டில ஒரு சொந்தம்!" முப்பத்தியிரண்டு பேர் இருக்கும் குழு. ஐந்து நிமிடத்தில் அழிக்கச் சொல்லி அழித்தான். அதற்குள் சின்னம்மாவின் மூத்த மகன் பார்த்துவிட்டு, அன்று இரவே தாயிடம் போனை நீட்டியிருக்கிறான். சின்னம்மா இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. நாற்பது வருடம் தனியாகச் சுமந்ததை, தன் பிள்ளையின் வாயில் இருந்து, அதுவும் ஒரு கேள்வியாகக் கேட்க வேண்டி வந்ததே என்று நான் இன்றும் வருந்துகிறேன்.

அதனால் சொல்கிறேன். அந்தச் செய்தி யாருடைய வாழ்க்கையில் நடந்ததோ அவர் உயிரோடு இருந்தால், முதலில் அவரிடம் மட்டும், நேரில், தனியாகப் போங்கள். போனில் வேண்டாம். "இப்படி ஒரு முடிவு வந்திருக்கு, உங்களுக்கு விருப்பம் என்றால் கதைப்போம், இல்லை என்றால் விடுவோம்" என்று சொல்லிவிட்டு, மற்றதை அவரிடமே விடுங்கள். அவர் வேண்டாம் என்றால் மற்ற யாருக்கும் சொல்லாதீர்கள்.

அவர் யார் என்று பிறகு எப்படித் தெரிந்தது?

மூன்றாம் கிழமை சின்னம்மாவே என்னைக் கூப்பிட்டார். 1982ல் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றபோது ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளை தங்கவில்லை என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். முகம் காட்டவில்லை. அம்மம்மாவுக்கு மட்டும் தெரியும். அவரும் அதோடு போய்விட்டார். தகப்பன் யார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நெதர்லாந்துத் தங்கையின் கடதாசிகளில் தாயின் பெயர் வேறு. இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. 1970கள், 80களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இலங்கையில் இருந்து ஐரோப்பாவுக்குத் தத்துப் போனார்கள். பிள்ளை இறந்துவிட்டது என்று தாய்மாரிடம் பொய் சொன்னதும், காசுக்கு வேறு பெண்களைத் தாய் என்று நிறுத்திக் கையெழுத்து வைத்ததும் 2017ல் ஒரு டச்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெரிதாக வெளிவந்தன. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து அரசின் விசாரணைக் குழு இலங்கை உட்பட ஐந்து நாடுகளில் நடந்த முறைகேடுகளை அறிக்கையாக வெளியிட்டது. அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டு, வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது.

கடதாசி பொய்யாக இருக்கும்போது அந்தப் பிள்ளைகளுக்கு மிஞ்சியது டிஎன்ஏ மட்டும்தான். பிள்ளையை இழந்த தாய்மார் யாராவது இதை வாசித்தால், அல்லது அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால், அவர் விரும்பினால் ஒரு பெட்டி எடுத்துக் கொடுங்கள். வெளிநாட்டில் அந்தப் பிள்ளைகள் பரிசோதித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இங்கே இருந்து ஒருவரும் துப்பாததால் ஒப்பிட ஆள் இல்லை.

அப்பா என் அப்பா இல்லை என்று வந்தால்?

பரிசோதனைக்கு முன் இந்த ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். தாங்க முடியாது என்றால் துப்பாதீர்கள். வந்துவிட்டால், அப்பாவும் உண்மையிலேயே பரிசோதித்திருக்கிறாரா, குழாய்கள் மாறிப் பதியப்பட்டனவா என்று முதலில் சரி பாருங்கள். இரண்டு பெட்டியை ஒரே மேசையில் வைத்துத் துப்பும்போது இலக்கம் மாறிப் பதிவது நடக்கக்கூடியது. அதன் பிறகும் அப்படியே இருந்தால், அம்மாவிடம் கேட்பதற்கு முன் ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் இளம் விதவையை முடித்து அவளின் கைக்குழந்தையைத் தன் பெயரில் பதிந்த ஆண்கள் இருக்கிறார்கள். கலவரக் காலத்தில், சண்டைக் காலத்தில் அனாதையான பிள்ளையை எடுத்து வளர்த்து, "நீ எடுத்த பிள்ளை" என்று ஒரு நாளும் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். பெண்ணுக்கு நடந்த கொடுமையை மூடி வைத்த குடும்பங்களும் இருக்கின்றன. எது என்று எண் சொல்லாது. குற்றம் சாட்டும் குரலில் போய்க் கேட்டால் அம்மாவும் சொல்லமாட்டார்.

காணாமல் ஆக்கப்பட்ட எங்கள் பிள்ளையைத் தேட இது உதவுமா?

இந்தக் கேள்வியோடு வருபவர்களிடம் நான் சுற்றி வளைப்பதில்லை. பிள்ளை உயிரோடு எங்காவது இருந்து, அவரோ அவர் பிள்ளைகளோ அதே கம்பனியில் பரிசோதித்திருந்தால் மட்டுமே பட்டியலில் வருவார். புதைகுழிகளில் எடுக்கும் எச்சங்களை அடையாளம் காண்பது வேறு வகைச் சோதனை. அதில் பார்க்கும் இடங்கள் வேறு, செய்முறை வேறு. நீதிமன்றத்தின் கீழ் தடயவியல் ஆய்வுகூடத்தில் செய்வது. உங்கள் வீட்டுப் பெட்டி முடிவு அங்கே உதவாது. "இதில் கண்டுபிடித்துத் தருகிறோம்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

காணி வழக்குக்கு, பிறப்புப் பதிவுக்கு இந்த முடிவைக் காட்டலாமா?

முடியாது. துப்பியது நீங்கள்தான் என்பதற்குச் சாட்சி இல்லை. வழக்கென்றால் அடையாளம் உறுதி செய்து, பொறுப்பானவர் முன் மாதிரி எடுக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு கல்முனை வைத்தியசாலையில் "81ஆம் இலக்கக் குழந்தை" என்று உலகம் பேசியதே, நினைவிருக்கும். பெற்றார் யார் என்று முடிவு செய்ய நீதிமன்றம் கட்டளையிட்டுத்தான் டிஎன்ஏ பார்த்தார்கள். 2005 பெப்ரவரியில் பிள்ளை தாய் தகப்பன் கையில் போனது.

சாதி, மதம் தெரியுமா?

தெரியாது.

நோய் தெரியுமா?

சில கம்பனிகள் சொல்லும், ஆனால் அதை நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள். மார்புப் புற்றுநோய்க்கு 2018ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த வீட்டுப் பரிசோதனை, யூத இனத்தாரில் ஒரு பிரிவினரிடம் அதிகம் காணப்படும் மூன்றே மூன்று மாற்றங்களைத்தான் பார்த்தது. நம் பெண்களுக்கு அதில் "இல்லை" என்று வந்தால் அதற்கு அர்த்தம் மிகக் குறைவு. குடும்பத்தில் நோய் இருந்தால் வைத்தியரிடம் போங்கள்.

என் தகவல் பத்திரமாக இருக்குமா?

முழு உத்தரவாதம் இல்லை. 23அண்ட்மீ இந்தப் பரிசோதனை செய்யும் பெரிய கம்பனி. 2023ல் அங்கே ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் தகவல் கள்ளர் கையில் போனது. வேறு தளங்களில் களவு போன கடவுச்சொல்லையே இங்கேயும் பாவித்தவர்களின் கணக்கு வழியாக நுழைந்து, அவர்களின் உறவுப் பட்டியலில் இருந்தவர்களின் தகவலையும் அள்ளினார்கள். 2025 மார்ச்சில் அந்தக் கம்பனி வங்குரோத்து மனுப் போட்டது. பிறகு அதன் நிறுவனர் நடத்தும் இலாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டொலருக்கு வாங்கியது. நீங்கள் ஒரு கம்பனியை நம்பிக் கொடுத்தது நாளைக்கு வேறு ஒருவர் கையில் இருக்கலாம் என்பதற்கு இது உதாரணம். 2018ல் கலிபோர்னியாப் பொலிசார், 1970கள், 80களில் பல கொலைகள் செய்தவனை, அவனுடைய தூரத்து உறவினர்கள் ஜெட்மேட்ச் என்ற தளத்தில் ஏற்றியிருந்த டிஎன்ஏ மூலம் பிடித்தார்கள். அவன் ஒரு நாளும் துப்பவில்லை. பிரான்சில் இந்த வீட்டுப் பரிசோதனையே சட்டவிரோதம்.

நான் செய்வது இதுதான்: வேறு எங்கும் பாவிக்காத கடவுச்சொல், இரட்டைச் சரிபார்ப்பு, முழுப் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள், ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்கும் கட்டத்தில் யோசித்து அடையாளம் போடுவது. உறவுப் பட்டியலே வேண்டாம் என்றால் அதை அணைத்து வைக்கலாம். மாதிரியை அழிக்கச் சொல்லியும் கேட்கலாம். ஆனால் துப்புவதற்கு முன் கூடப்பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். உங்கள் குழாயில் அவர்களின் பாதியும் இருக்கிறது.

அந்தத் தங்கை இப்போது?

சின்னம்மா ஐந்து மாதம் யோசித்துத்தான் தானும் பரிசோதிக்க ஒத்துக்கொண்டார். குழாயைப் பிடிக்கக் கை நடுங்கியது; நான் பிடித்துக்கொண்டேன். முடிவு 3,460. அந்த எண்ணை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

போன ஓகஸ்டில் அவள் வந்தாள். இரண்டு கிழமை நின்றாள். மகன்மார் இருவரும் முதல் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் இளையவன் கோணேசர் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவளுக்குத் தமிழ் தெரியாது, சின்னம்மாவுக்கு வேறு மொழி தெரியாது. ஒரு பின்னேரம் நான் போனபோது, விறாந்தைப் படியில் அவளைக் கீழே இருத்தி, சின்னம்மா தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கி, அங்கே இருந்த சின்ன மறுவை விரலால் தொட்டார். பிறகு தன் காதை மடக்கி என்னிடம் காட்டினார். அவருக்கும் அதே இடத்தில்.